முதலில் யானை, பிறகு ராஜா

போன வாரம் சின்னவளைக் கைகழுவும் அறையில் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். பின்னால் கதவு திறந்தது. உள்ளே வந்தவள் பெரியவள். ஒன்பது வருடமாகத் தங்கையிடம் ஒரு வார்த்தை பேசாத அக்கா. அதோடு எனக்குக் கொடுத்த பக்கம் தீர்ந்துபோயிற்று. "கதவைத் திறந்து விட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்களே, இது நியாயமா?" என்று ஒரு வாசகி சண்டைக்கு வந்திருக்கிறார். நியாயமில்லைதான். வாருங்கள், உள்ளே போவோம்.

இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. இருவரும் ஒரு தையல்காரியின் பெண்கள். இருவரும் சதுரங்கத்தில் நாட்டின் முதல் வரிசை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், வயிற்றில் பிள்ளையோடு பெரியவள் ஆடிய போட்டியில், ஜெயிக்கிற நிலையில் இருந்த சின்னவள் திடீரென்று நிமிர்ந்து, "சமமா முடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். கிடைத்த அரைப் புள்ளியில் பெரியவளுக்குப் பட்டம் வந்தது. அன்று சாயங்காலமே, "பாவம், அக்கா" என்று தங்கை யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. பட்டத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். தங்கையோடு பேச்சை விட்டாள். விளையாட்டையும் விட்டாள். விளையாட்டுக்கு மட்டும் போன வருடம் திரும்பி வந்தாள்.

இன்று கடைசிச் சுற்று. இருவருக்கும் சம புள்ளி. ஜெயிக்கிறவள் சாம்பியன், உலகப் போட்டிக்கும் அவள்தான் போவாள். பெரியவளுக்கு வயது முப்பத்தெட்டு. இன்னொரு வாய்ப்பு வரும் என்று அவளே நம்பவில்லை.

அவள் குழாயைத் திறந்தாள். கண்ணாடியில் தங்கையைப் பார்க்காமல், நனைகிற தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பாவம் பாக்காம ஆடு."

சின்னவள் சட்டென்று திரும்பினாள். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த முதல் வார்த்தை இதுதானா?

"அக்கா..."

"அக்கா தங்கச்சியெல்லாம் வாசலோட. இன்னொரு தடவை எனக்குப் பிச்சை போட்டேன்னு தெரிஞ்சுது, செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் தினமும் முழிச்சிட்டுதான் இருக்கியாக்கும்!"

வாய் முந்திக்கொண்டது. இவளுக்கு வீட்டில் 'வாலு' என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? பெரியவளின் உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. காகிதத்தில் கையைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சின்னவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். விட்டுக்கொடுப்பதா? இந்தப் பட்டத்துக்காக அவள் ஒரு வருடமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. இன்று எதிரில் அம்மாவே வந்து உட்கார்ந்தாலும் விடுவதாக இல்லை.

மண்டபத்தில் மேடைக்கு மேல் அவர்களுடைய பலகை. கயிறு கட்டிப் பார்வையாளர்களைத் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள். பலகைக்கு நேர் மேலே ஒரு கேமரா. அதில் தெரிவதெல்லாம் கட்டங்களும் காய்களும் நாலு கைகளும்தான். முகம் தெரியாது.

அந்தப் படம் வெளி நடையில் ஒரு பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் பிடித்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர் பெரியவளின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். சதுரங்கம் அவருக்குச் சுத்தமாகப் புரியாது.

"மேலே, கீழே, இந்த ரெண்டுதான் சார் நம்ம தொழில்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இதுல குறுக்கே எல்லாம் போறாங்க. இருந்தாலும் இன்னிக்கு எப்படியாவது பாத்தே கத்துக்கிடறதுன்னு வந்துட்டேன்."

மனைவிக்காகக் கொண்டுவந்த ஃபிளாஸ்க் மடியில் இருந்தது. பதற்றத்தில் அதிலிருந்து அவரே பாதி குடித்துவிட்டார்.

ஆட்டம் ஆரம்பமாயிற்று. வெள்ளை சின்னவளுக்கு. விறுவிறுவென்று நாலைந்து நகர்வுகள். பிறகு அவள் யானையை உள்ளே கொண்டுவந்து, ராஜாவை அதைத் தாண்டி ஓரமாக உட்கார வைத்து, கோட்டை கட்டிக் கடிகாரத்தை அழுத்தினாள். பெரியவள் தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்த காயை நகர்த்தினாள்.

மேடைக்குப் பின்னால் இருந்த ஏ.சி. எந்திரம் பழசு. நின்று நின்று 'டர்ர்ர்' என்று ஓடியது. சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவளும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம். ஆனால் சொல்லிக்கொள்ள முடியாதே!

அது அம்மாவின் தையல் மெஷின் சத்தம்.

வீட்டில் முன்னறைதான் கடை. துணி வெட்டுகிற மேஜையின் ஒரு மூலையை அம்மா பெண்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். பலகையைச் சுற்றி நூல் துண்டும் சாக்குக்கட்டிப் பொடியும் சிதறிக் கிடக்கும். ஆட்டக் கடிகாரம் வாங்கும் வசதியெல்லாம் ஏது? அம்மாவின் மெஷின்தான் கடிகாரம். "இந்தப் பக்கத் தையல் ஓடி முடியறதுக்குள்ள நகர்த்தணும். இல்லேன்னா ஆட்டம் காலி" என்பாள். பெரியவள் யோசிக்கும்போது நீளப் பாவாடை ஓரம் தைப்பாள். சின்னவள் யோசிக்கும்போது காலர் தைத்துச் சட்டென்று முடித்துவிடுவாள். "ஓரவஞ்சனை!" என்று வாலு காலை உதைத்து அழும்.

அந்தப் பலகையில் கறுப்பு ராஜாவின் அடிப்பாகம் எப்போதோ உடைந்துவிட்டது. அம்மா ஒரு கோட்டுப் பட்டனை எடுத்துப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் 'பட்டன் ராஜா'. நிற்பான், ஆனால் ஆடிக்கொண்டே நிற்பான். யாராவது தும்மினால் போதும், விழுந்து பட்டன் தனியாக உருண்டு மேஜைக்கு அடியில் போய்விடும். அப்புறம் இரண்டு பேரும் துணிக் குவியலுக்குள் தலையை விட்டுத் தேட வேண்டும். ஆட்டம் அதோடு போச்சு.

அதனால் அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. கோட்டை கட்டும்போது முதலில் யானையை உள்ளே வைத்துவிட வேண்டும். ராஜாவைக் கடைசியாகத்தான் தூக்க வேண்டும். ராஜாவை முதலில் வைத்துவிட்டு அவன் தலைக்கு மேல் யானையைக் கொண்டுபோனால் சட்டைக் கை பட்டு விழுந்துவிடுவான். "முதல்ல யானை, அப்புறம் ராஜா. வெச்சதும் கையை உடனே எடுக்காத, அவன் ஆடி நிக்கட்டும்" என்று மெஷினில் இருந்தபடியே அம்மா குரல் கொடுப்பாள். கறுப்புக்கு வந்த வியாதி வெள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பெண்களும் இரண்டு நிறத்துக்கும் அப்படியே செய்தார்கள்.

எவ்வளவு சந்தோஷமான மூலை அது! ஒரே விளக்கு, ஒரே மேஜை, ஒருத்தி ஜெயித்தால் இன்னொருத்தி மூக்கைச் சிந்துவாள், ராத்திரி ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு அதே ஆட்டத்தை வாயாலேயே மறுபடி ஆடுவார்கள்.

ஏ.சி. நின்றது. சின்னவள் பலகைக்குத் திரும்பினாள்.

இருபது நகர்வு தாண்டியிருக்கும். சின்னவள் தன் குதிரையைத் தூக்கிக் கொடுத்தாள். வேண்டுமென்றேதான். பெரியவளின் ராஜா இன்னும் பலகையின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தான். குதிரையை வெட்டினால் நடுவில் வழி திறக்கும், அந்த வழியாக ராணி உள்ளே இறங்குவாள். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

பெரியவள் குதிரையை வெட்டினாள். சின்னவளின் ராணி இறங்கினாள். அதற்கப்புறம் பெரியவள் அசையவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடிகாரத்தில் அவள் நேரம் கரைந்துகொண்டே இருந்தது. நடுவரோ பக்கத்துப் பலகையில் ஏதோ தகராறு என்று அங்கே குனிந்துகொண்டிருந்தார்.

'விட மாட்டேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் சின்னவள். 'பாவம் பாக்காம ஆடச் சொன்னேல்ல? பாரு.'

மறுபடி 'டர்ர்ர்' என்று எந்திரம் ஓடத் தொடங்கியது.

பெரியவளின் கை நீண்டது. யானையைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு ராஜாவைக் கண்ணாடிச் சாமான் மாதிரித் தூக்கி, ஓரத்தில் இறக்கி, விரலை எடுக்காமல் ஒரு விநாடி பிடித்திருந்து, அப்புறம் விட்டாள். எந்திரம் நிற்பதற்குள் கடிகாரத்தை அழுத்தினாள்.

'அடிப்பாவி, கட்டிட்டாளே!'

கோட்டைக்குள் போய்விட்ட ராஜாவை இனி எட்ட முடியாது. கொடுத்த குதிரை கொடுத்ததுதான். அதற்கப்புறம் சின்னவள் முட்டி மோதிப் பார்த்தாள், தந்திரம் எல்லாம் செய்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கட்டத்தில் பலகையைப் பார்த்தபடியே கையை நீட்டினாள். தோல்வி.

பெரியவள் அந்தக் கையைப் பிடித்தாள். கொஞ்சம் அதிக நேரமே பிடித்திருந்தாள்.

"நல்லா ஆடுன, வாலு."

வாலு! அக்கா வாயால் அதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! தோற்ற துக்கத்தை மீறிக்கொண்டு சின்னவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டாள் அந்தப் பைத்தியக்காரி.

வெளி நடையில் கூட்டம். கைதட்டல் இருக்கும் என்று பார்த்தால் ஒரே கசமுசா. திரையில் அந்த ஒரு நகர்வையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யானையைத் தொடும் கை. பிறகு ராஜாவைத் தொடும் கை.

விஷயம் இதுதான். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கோட்டை கட்டுவதானால் முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டால் யானையை மட்டும்தான் நகர்த்தலாம். எதிராளி "தொட்டாச்சு" என்று அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியவளின் ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டிருப்பான், மூன்று நகர்வில் ஆட்டம் முடிந்திருக்கும். ஜெயித்திருப்பவள் சின்னவள்.

"அவ சொல்லலையே! பாத்துக்கிட்டுதானே இருந்தா?" என்றார் ஒருவர்.

"அக்காவாச்சே. விட்டுக்கொடுத்திருப்பா. முன்னாடியும் இப்படித்தானே பண்ணா" என்றார் இன்னொருவர்.

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. நேரே தலைமை நடுவரிடம் போனாள். அந்த அம்மாள் ரொம்பக் கண்டிப்பானவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "நான் பாக்கல, அது என் தப்பு. ஆனா அப்பவே ஆட்சேபம் வரல. அவங்க அடுத்த நகர்வு ஆடிட்டாங்க. இனிமே முடிவு மாறாது. நீங்கதான் சாம்பியன்."

"எனக்கு வேண்டாம். ஒரு பேப்பர் குடுங்க. எழுதிக் குடுத்துடறேன்."

"இதப் பாருங்கம்மா..."

"பேப்பர் குடுங்க."

வீராங்கனைகள் பையை வைக்கிற சின்ன அறை அது. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை. பெரியவள் பேப்பரை மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்தபோது சின்னவள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அக்கா, சத்தியமா நான் விட்டுக்கொடுக்கல!"

பெரியவள் நிமிரவில்லை. "ரெண்டாவது தடவை."

"முதல் தடவை விட்டேன். ஒத்துக்கறேன். உனக்கு முடியாம இருந்துச்சு, மனசு கேக்கல, புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன். ஆனா இன்னிக்கு இல்லக்கா! எனக்கு ஜெயிக்கணும்னு இருந்துச்சு. இப்பகூட வயிறு எரியுது. உன்னைப் பாத்தாலே எரியுது!"

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"தப்புன்னு தெரியல."

"தெரியலையா?" பேனாவைப் படாரென்று வைத்தாள் பெரியவள். "நாம முதன்முதலா வெளியூருக்கு ஆடப் போனப்ப ரெண்டு பேரும் இதுக்காகத் திட்டு வாங்கினோம். அன்னிக்கே மாத்திக்கிட்டோம். எத்தனை நாடு சுத்தியிருக்க, எத்தனை பேரோட ஆடியிருக்க! உன் கண்ணு முன்னாடி ஒருத்தி யானையைத் தொடறா, உனக்குத் தெரியலைன்னா எந்த மடையன் நம்புவான்?"

சின்னவளுக்கே நம்ப முடியவில்லை என்பதுதான் நிஜம். வேறு யாராவது அப்படித் தொட்டிருந்தால் தூக்கத்தில்கூட எழுந்து கேட்டிருப்பாள். அக்காவின் கை தொட்டபோது மட்டும் ஏன் எதுவுமே உறுத்தவில்லை? அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரியவள் எழுதத் தொடங்கினாள்.

அப்போதுதான் ஃபிளாஸ்க்கோடு லிஃப்ட் மெக்கானிக் உள்ளே நுழைந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு? ஜெயிச்சவ மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா, தோத்தவ அழறா! வெளிய என்னமோ யானை யானைங்கறாங்க, யானைக்கு என்ன?"

"மாமா, நீங்க வேற சும்மா இருங்க" என்றாள் சின்னவள் கையை எடுக்காமலே.

"இல்ல, எனக்குப் புரியலை. யானையை முதல்ல எடுத்தது தப்புங்கறாங்க. அதுதான் சட்டம்னுல்ல நான் நினைச்சுட்டு இருந்தேன்?"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" பெரியவளுக்குக் கோபம் அவர் மேல் திரும்பியது. "உங்களுக்கு யானை எது, குதிரை எதுன்னே தெரியாது."

"தெரியாதுதான். அதனாலதான் ஒண்ணு விடாம பாத்தேன்! ஆரம்பத்துல வாலு பண்ணிச்சு. யானையை உள்ள வெச்சுட்டு, ராஜாவைத் தூக்கி ஓரத்துல வெச்சு, கொஞ்ச நேரம் விரலாலே பிடிச்சுக்கிட்டு. நீயும் அப்புறம் அதே மாதிரி பண்ண, அச்சு அசலா. சரி, இந்த ஆட்டத்துல இதுதான் முறை போலன்னு மனசுல குறிச்சுக்கிட்டேன்."

பெரியவளின் பேனா பாதி வரியில் நின்றது.

சின்னவள் மெல்ல முகத்திலிருந்து கையை எடுத்தாள். "நானா? நான் அப்படியா மாமா பண்ணேன்?"

"ஆமாங்கறேன்! வேணும்னா வந்து பாரு!"

மூன்று பேரும் ஓடினார்கள். திரையை இயக்குகிற பெண்ணிடம், "முதல்லேருந்து போடுங்க" என்று கெஞ்சினார்கள். அவள் பின்னால் ஓட்டிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

சின்னவளின் கை. முதலில் யானை. அப்புறம் ராஜா. வைத்த பிறகும் எடுக்காத விரல். அது ஆடாமல் நிற்கிற, புத்தம்புது, கனமான போட்டி ராஜா. அதைப் போய் அந்த விரல் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"இதை நீ பாத்தியாக்கா?"

பெரியவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றாள் கடைசியில். "நேரா பாத்தேன். தலையைக்கூட ஆட்டினேன்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"தப்பாவே தெரியலடி."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. பெரியவள் தங்கையைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த பேப்பரைப் பார்த்தாள். அதை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், என்ன செய்வது என்று தெரியாமல் கணவரின் சட்டைப் பையில் திணித்தாள். அடுத்த நிமிடம் தங்கையை இழுத்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், சின்னப் பெண் மாதிரி விசும்பி அழுதாள்.

"ஒன்பது வருஷம், வாலு. ஒன்பது வருஷத்தை வீணாக்கிட்டேனே!"

"அழாதக்கா. பட்டத்தை வாங்கிக்க. அடுத்த வருஷம் உன்னைத் தோக்கடிச்சு நான் வாங்கிக்கறேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

தலைமை நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரையும் பெஞ்சு மேல நிக்க வைக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக் மிச்சமிருந்த டீயை இரண்டு மூடியில் ஊற்றி நீட்டினார். ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள்.

"பட்டன் ராஜா எப்படிடி இருக்கான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் பெரியவள். "அந்த செட்டை ஒரு நாள் எடுத்துட்டு வாயேன். ஆடலாம்."

"நான் எங்கேருந்து எடுத்துட்டு வர்றது? உன்கிட்டதானே இருக்கு?"

"என்கிட்டயா! நான் பேச்சை விட்ட அன்னிக்கே நீ தூக்கிட்டுப் போயிட்டேன்னு அம்மா சொன்னாளே?"

"என்கிட்ட, நீ தூக்கிட்டுப் போயிட்டேன்னுல்ல சொன்னா!"

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் உடனே ஃபோனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் மெஷின் சத்தம், அதற்கு மேலே அம்மா.

"ஜெயிச்சியாமே, பக்கத்துல எல்லாரும் சொல்றாங்க, உன் பையன் இங்க குதிச்சுக்கிட்டு இருக்கான், சாப்பிட்டியா, வாலு என்ன பண்றா, அழுதாளா, அவகூடப் பேசினியா இல்லையா..."

அம்மா பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சுக்குக்கூட இடம் கிடைக்காது. பெரியவள் கத்தினாள்.

"அம்மா! பட்டன் ராஜா எங்க?"

மெஷின் நின்றது.

அம்மாவும் நின்றாள். பெண்கள் இருவருக்கும் நினைவு தெரிந்த நாளாக அப்படி ஒரு மௌனத்தை அம்மாவிடம் கேட்டதில்லை.

"அம்மா? இருக்கியா? நான் வாலு பேசறேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணாவா இருக்கீங்க?" குரல் ரொம்பச் சன்னமாக வந்தது.

"ஆமாம்மா. ஒண்ணாத்தான் இருக்கோம்."

"அப்ப ஒண்ணாவே வாங்க. ஒருத்தி மட்டும் வந்து கேட்டா சொல்றதில்லைன்னு அன்னிக்கே முடிவு பண்ணி வெச்சிருக்கேன்."

அம்மா ஃபோனை வைக்கவில்லை. மெஷின் மட்டும் மறுபடி ஓடத் தொடங்கியது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்குமே தெரிந்தது, அது நீளப் பாவாடை ஓரத் தையல் என்று.